கடலோரத்தில் ஒரு விடுமுறை வீடு

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

தேர்வு முடிந்ததும் எல்லா வீடுகளிலும் எழும் கேள்வி, "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" என்பதுதான். பெரும்பாலும் மாமா வீட்டுக்கோ, வேளாங்கண்ணிக்கோ போய் வருவோம். இவை இரண்டும் நல்லவையே. ஆயினும், கடலோரத்தில் ஒரு வீட்டை இரண்டு மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து, குடும்பமாகத் தங்கி வருவதும் ஒரு நல்ல விடுமுறை. அதற்கு எவ்வாறு திட்டமிடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இவ்வழக்கத்திற்கு உலகில் மிகவும் பெயர்பெற்ற இடம் தென் இத்தாலி. இத்தாலி நாடு வரைபடத்தில் ஒரு நீண்ட காலணியைப் போல் தோன்றும். அக்காலணியின் குதிகாலாக இருப்பது பூலியா என்னும் மாநிலம். ஒரு பக்கம் அதிரியாக் கடல், மறு பக்கம் அயோனியக் கடல். வெயில் காயும் அந்நாட்டில் ஒலிவ மரத் தோப்புகளும், சுண்ணாம்புக் கல்லை அடுக்கிக் கூம்பு வடிவில் கூரை அமைத்த வீடுகளும் உள்ளன. அல்பெரொபெல்லோ என்னும் ஊரில் உள்ள அவ்வீடுகளை யுனெஸ்கோ நிறுவனம் 1996ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆகஸ்டு 15ஆம் நாள், அதாவது அன்னை மரியாளின் விண்ணேற்புப் பெருவிழா அன்று, இத்தாலியர் பலர் குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்வர். அகுஸ்துஸ் பேரரசன் காலத்து விடுமுறையிலிருந்து வந்த வழக்கம் அது. 'வில்லா' என்பதும் ஊர்ப்புறத்துப் பண்ணை வீட்டைக் குறித்த இலத்தீன் சொல்லே.

இத்தாலிக்குப் போக நம்மில் எத்தனை பேரால் இயலும்? ஆனால் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் கடற்கரை ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவுதான். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 40 கி.மீ. கடல் இவ்வளவு அருகில் இருந்தும், அதை ஒரு முறை இரு முறை மட்டுமே பார்த்த பாட்டிகள் நம் தெருக்களில் பலர் இருக்கிறார்கள்.

நம் ஊரின் பழைய வழிகாட்டி

பயணத்திற்கு வழிசொல்லும் கலை நமக்குப் புதிதன்று. 'ஆற்றுப்படை' என்பதே வழிப்படுத்துவது என்னும் பொருளுடையது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைப் பாணருக்குக் கூறுகிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய இந்நூல் 269 அடிகளைக் கொண்டது. கடலோரத்து எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று ஊர்களை வரிசையாகச் சொல்லி, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் அந்நூல் கூறுகிறது. எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட மீன் தருவார்கள். மருத நிலத்து ஆமூரில் சோற்றுடன் நண்டு கிடைக்கும்.

இதில் நமக்குப் பெருமை என்னவென்றால், கிடங்கில் என்பது இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினம் என்பது மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். ஆகவே இன்று நாம் பஸ்ஸில் போகும் திண்டிவனம் மரக்காணம் வழியைப் பற்றி சங்க காலத்திலேயே ஒரு பயண நூல் பாடப்பட்டுவிட்டது.

எந்த மாதம் ஏற்றது?

திட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது காலம். தென் இத்தாலியில் கோடையில் மழை குறைவு, குளிர்காலத்தில்தான் மழை. ஆகவே அவர்கள் கோடையில் கவலையின்றிப் போகலாம். நம் சோழமண்டலக் கடற்கரையின் தன்மை வேறு. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல்கள் பல வருவதும் அப்போதுதான். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் வந்த 'ஃபெஞ்சல்' புயலின்போது நம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. ஆகவே அரையாண்டு விடுமுறையில் கடலோரம் தங்கத் திட்டமிடுவது நன்றன்று.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இனிமையானவை. ஆனால் நமக்குப் பள்ளி உண்டு. மார்ச்சில் தேர்வு. மிஞ்சுவது ஏப்ரலும் மே மாதமும். மே முதல் வாரத்தில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிடும். எனவே தேர்வு முடிந்தபின் ஏப்ரல் இறுதியே தக்க காலம். தவக்காலமும் உயிர்ப்புத் திருவிழாவும் அதற்குள் முடிந்திருக்கும்.

"ஏப்ரலில் வெயில் சுடாதா?" என்று கேட்கலாம். சுடும். ஆனால் கடலோரத்தில் இயற்கையே விசிறி வீசுகிறது. வெயிலில் நிலம் விரைவாகச் சூடாகும். நீர் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின்மேல் உள்ள காற்று சூடாகி மேலே எழும்போது, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இதுவே கடற்காற்று. திண்டிவனத்தில் பிற்பகல் வெயில் வாட்டும் நேரத்தில் மரக்காணத்தில் காற்று வீசத் தொடங்கிவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக அரசு விதித்த தடை அது. அப்போது வஞ்சிரம் போன்ற பெரிய மீன்கள் குறைவு, விலையும் ஏறும். ஆயினும் நாட்டுப் படகுகளில் கரையோரம் பிடித்துவரும் மீன் காலையில் கிடைக்கும். செவுள் சிவந்தும், கண் தெளிந்தும், விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழும்பியும் இருந்தால் அது புது மீன்.

வீட்டைத் தேர்ந்தெடுத்தல்

மரக்காணம் முதல் கோட்டகுப்பம் வரை கடலோரச் சாலையை ஒட்டி வாடகை வீடுகள் உள்ளன. கூனிமேடு, பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்களும் இவ்வழியில்தான் இருக்கின்றன. வீட்டைப் படத்தில் மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் அவ்வாறு பணம் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தபோது, கடற்கரை வீடு என்று சொல்லப்பட்ட வீட்டிலிருந்து கடலுக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. குழந்தைகளையும் முதியவரையும் வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. நம் ஊருக்கும் கடலுக்கும் தொலைவு குறைவு ஆகையால், பெரியவர் ஒருவர் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்து வருவதே நன்று. அப்போது கேட்க வேண்டியவை இவை:

1. குடிநீர் எங்கிருந்து வருகிறது? கடலோரக் கிணறுகளில் உப்பு நீர் கலந்திருக்கலாம்.
2. சமையல் எரிவாயு, பாத்திரங்கள் வீட்டில் உள்ளனவா?
3. மின்சாரம் நின்றால் விசிறி ஓட வழி உண்டா? சன்னல்களுக்குக் கொசுவலை உண்டா?
4. காவலாளி இரவில் இருப்பாரா? கதவுகள் உள்ளே தாழிடக் கூடியவையா?
5. பாட்டி படியேறாமல் செல்லக் கூடிய அறையும் கழிவறையும் உண்டா?
6. கொடுத்த பணத்திற்கு இரசீது தருவார்களா?

கடற்கரையில் மணல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் கடற்கரையில் ஆண்டின் பல மாதங்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கல் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. அவை மணலின் ஓட்டத்தைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே உள்ள கடற்கரை அரிக்கப்பட்டது. அதனால் மீனவர் வீடுகள் சில இடங்களில் இடிந்தன. கரையில் பாறைகளைக் கொட்ட நேர்ந்தது. பாறை கொட்டிய இடத்தில் குளிக்க இறங்குவது ஆபத்து. நாம் மூன்று நாள் தங்கிவிட்டு வந்துவிடுவோம். அங்கேயே வாழும் மக்களுக்கு அது வாழ்நாள் கவலை.

கணக்கும் அடுப்பும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் மூன்று பகல், இரண்டு இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் மதிய உணவு முதல் மூன்றாம் நாள் மதிய உணவு வரை ஏழு வேளைகள். ஏழை ஆறால் பெருக்கினால் 42 சாப்பாடு. வெளியில் ஒரு சாப்பாடு 100 ரூபாய் என்று கொண்டால் 4,200 ரூபாய் ஆகும். நாமே சமைத்தால் ஒரு சாப்பாட்டுக்கு 40 ரூபாய் என்று கொண்டால் 1,680 ரூபாய்தான். மிச்சம் 2,520 ரூபாய். சமையலறையுள்ள வீட்டை எடுப்பதன் இலாபம் இதுவே என்று எல்லாரும் சொல்வார்கள்.

ஆனால் அந்த 2,520 ரூபாயை மிச்சப்படுத்துவது யார்? அம்மாதான். நாம் அலையில் ஆடிக்கொண்டிருக்கும்போது அவர் தெரியாத அடுப்பின் முன்னால், பழகாத பாத்திரங்களோடு ஆறு பேருக்குச் சமைத்துக்கொண்டிருப்பார். நமக்குக் கடல் புதிதாகத் தெரியும். அவருக்கோ வீட்டு வேலை மட்டுமே இடம் மாறியிருக்கும். விடுமுறை என்பது வீட்டில் உள்ள எல்லாருக்கும் உரியது. ஆகவே திட்டம் போடும்போதே அம்மாவின் விடுமுறையையும் அதில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஏழு வேளையில் நான்கு வேளை மட்டும் சமைக்கலாம்; மூன்று வேளை வெளியில் வாங்கலாம். முதல் நாள் மதியத்திற்கு வீட்டிலேயே புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் காலையில் உப்புமா போன்ற எளிய உணவு. இரண்டாம் நாள் மதியம் மீன் குழம்பு. மற்ற மூன்று வேளையும் கடையில். இப்படிச் செய்தால் 24 சாப்பாட்டுக்கு 960 ரூபாயும், 18 சாப்பாட்டுக்கு 1,800 ரூபாயும், ஆக 2,760 ரூபாய் ஆகும். அப்போதும் 1,440 ரூபாய் மிச்சமே. காய் நறுக்குவது, பாத்திரம் துலக்குவது, பெருக்குவது ஆகியவற்றை யார் எந்த வேளையில் செய்வது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். அதில் அப்பா, தம்பி பெயர்களும் இருக்க வேண்டும். தம்பிமார் வெங்காயம் உரித்தால் குறைந்துவிட மாட்டார்கள்!

குடிநீர்க் கணக்கு: ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் ஆறு பேருக்கு மூன்று நாளுக்கு 54 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று போதும். வழியில் திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்பூசணியும் நுங்கும் மலிவாகக் கிடைக்கும்.

கடலை அறிந்து இறங்குக

இக்கட்டுரையின் முக்கியமான பகுதி இதுவே. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று பெரியோர் சொன்னது நம் கடலுக்கு மிகவும் பொருந்தும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கடலில் குளிக்கச் சென்ற மாணவர் மூழ்கிய செய்தியை நாளிதழில் படிக்கிறோம். நம்மில் பெரும்பாலோருக்கு, அதிலும் பெண்களுக்கு, நீந்தத் தெரியாது.

கடலில் மூழ்குவோர் பலரை இழுத்துச் செல்வது பெரிய அலை அன்று; கரையிலிருந்து திரும்பும் நீரோட்டமே. அலைகள் கொண்டுவந்து சேர்த்த நீர் மீண்டும் கடலுக்குப் போக வேண்டும். அது ஒரு குறுகிய வழியாகச் சேர்ந்து வேகமாகத் திரும்பும். அவ்வழியில் அலை உடையாது; ஆகவே மற்ற இடங்களைவிட அமைதியாகத் தோன்றும். அமைதியாக இருக்கிறதே என்று நாம் அங்கேதான் இறங்குவோம். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். எதிர்க்காமல் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்; நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகியபின் கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர் பதறிப்போய் நீரில் குதிக்கக் கூடாது. மூடிய காலி பிளாஸ்டிக் கேனையோ கயிற்றையோ எறிய வேண்டும். மீனவரைக் கூவி அழைக்க வேண்டும். 108க்குச் சொல்ல வேண்டும்.

எனவே சில விதிகள்: இறங்குமுன் அவ்வூர் மீனவரிடம் "இங்கே இறங்கலாமா, அண்ணே?" என்று கேட்க வேண்டும். முழங்கால் அளவுக்கு மேல் போகக் கூடாது. பெரியவர் ஒருவர் நீரில் இறங்காமல் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். மாலை மங்கியபின் நீரில் இறங்கவே கூடாது. சொறிமீனைத் தொடக் கூடாது. புதுச்சேரி நகரத்துப் பாறைக் கரை நடந்து காற்று வாங்குவதற்கு உரியது, குளிப்பதற்கு அன்று.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலையை நம் பெற்றோர் இன்றும் மறக்கவில்லை. அன்று பல இடங்களில் கடல் முதலில் உள்வாங்கியது. அதை வேடிக்கை பார்க்கப் போனவர்களை அடுத்த அலை அடித்துச் சென்றது. கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினால் உடனே மேட்டு நிலத்தை நோக்கி ஓட வேண்டும். 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆயினும் இவ்விதியைச் சிறு குழந்தையும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்று நாள் திட்டம்

முதல் நாள்: காலையில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம். சோழர் காலக் கல்வெட்டுகளையுடைய பூமீசுவரர் கோயிலைப் பார்க்கலாம். ஊரை ஒட்டிய உப்பளங்களில் கடல்நீர் பாத்தி பாத்தியாகக் காய்ந்து வெள்ளை உப்பாக மாறுவதைக் காணலாம். நாம் நிழல் தேடும் வெயிலில்தான் அங்குள்ள தொழிலாளர் உப்பு வாருகிறார்கள். அருகில் கழுவெளி ஏரி. 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாகவும், 2024ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகளும் பல வெளிநாட்டுப் பறவைகளும் வரும் இடம் இது.

இரண்டாம் நாள்: விடியற்காலையில் கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் காண வேண்டும். பூலியாவின் ஒத்ராந்தோ நகரம் இத்தாலியின் கிழக்குக் கோடியில் இருப்பதால் அந்நாட்டில் முதலில் விடியும் ஊர் அதுவென்று பெருமை கொள்கிறார்கள். நமக்கோ கடற்கரை முழுவதும் கிழக்கு நோக்கியதே. பிறகு வடக்கே கடப்பாக்கம் அருகில் உள்ள ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரரிடம் வந்த இக்கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். இடிந்த சுவர்களுக்கு அப்பால் உப்பங்கழி அழகாக விரிந்திருக்கும். இரவில் கடல் பக்கத்து விளக்குகளை அணைத்துவிட வேண்டும். பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிச் செல்பவை. வீட்டு விளக்கைக் கண்டால் கடலுக்குப் போகாமல் வழி தவறி இறந்துவிடும்.

மூன்றாம் நாள்: இது ஞாயிறாக இருந்தால் புதுச்சேரி இயேசுவின் திரு இருதய ஆலயத்தில் திருப்பலி காணலாம். விடுமுறையிலும் ஞாயிறு திருப்பலியை விடலாகாது என்று நம் அருட்சகோதரியர் சொல்வதும் நிறைவேறும். பின்னர் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தபோது இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் செந்நிறப் பாண்டங்களும் மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. அதேபோல, கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த தென் இத்தாலியின் பொம்பெயி நகரில், 1938இல் இந்தியத் தந்தச் சிலை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கடல் பிரித்த இரு நாடுகளைக் கடலே இணைத்தும் இருக்கிறது. நம் திருத்தூதர் புனித தோமாவின் திருப்பண்டங்கள் 1258 முதல் அதிரியாக் கரையில் உள்ள ஓர்த்தோனா நகரில் வைக்கப்பட்டுள்ளன என்பதும் நினைக்கத்தக்கது. மாலையில் புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்திற்கு இரயில். இந்த இரயில் பாதை 1879இல் திறக்கப்பட்டது. நேரத்தை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

நல்ல விடுமுறைக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஏற்ற காலம், நேரில் பார்த்த வீடு, அளந்த செலவு, பகிர்ந்த வேலை, கடலைப் பற்றிய அறிவு ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். திரும்பும்போது நாம் கொண்டுபோன பிளாஸ்டிக் பைகளை நாமே எடுத்துவர வேண்டும். அக்கரை பிறருடைய வீட்டு வாசல்.

தோழியரே, இவ்வாண்டு தேர்வு முடிந்ததும் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பெற்றோரோடு அமருங்கள். செலவுக் கணக்கை நீங்களே போடுங்கள். முதல் வரியில், "அம்மா செய்ய வேண்டாத வேலைகள்" என்று தலைப்பிட்டுத் தொடங்குங்கள்.